379379: யாரும் எடுக்காத சீட்டு

குமுளியில் எல்லையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் லாட்டரிக் கடைதான். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். கேரளத்தில் 1967-ல் அரசே தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் வருகிறவர்களில் சிலர் டீயோடு ஒரு சீட்டும் எடுப்பார்கள்.

அன்றைக்கு எனக்கு முன்னால் நின்ற அக்கா, 379379 என்ற சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். “ஒரே நம்பர் ரெண்டு தடவ வந்தா எங்கண்ணே விழும்?” அவர் எடுத்தது 512148. கடைக்காரர் சிரித்தார்: “இந்த மாதிரி நம்பர் கடைசி வரைக்கும் தொங்கும்க்கா.”

குலுக்கலில் இரண்டுக்கும் ஒரே வாய்ப்புதான். அது இருக்கட்டும். எனக்கு அந்த 379379-ஐ விட மனசில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு வகுக்க ஆரம்பித்தேன். 7-ஆல் வகுத்தால் 54197. அதை 11-ஆல் வகுத்தால் 4927. அதை 13-ஆல் வகுத்தால் 379! எங்கும் மீதியே இல்லை, கடைசியில் பாதி எண் அப்படியே கைக்கு வந்துவிட்டது.

379379 என்பது என்ன? 379 ஆயிரம், அதன் மேல் இன்னொரு 379. ஆக மொத்தம் 1001 தடவை 379. அந்த 1001-ஐப் பிரித்தால் 7×11×13. எந்த மூன்று இலக்க எண்ணையும் இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதுங்கள், இந்த மூன்றும் உள்ளே இருக்கும். நம் வழக்கப்படி 3,79,379 என்று காற்புள்ளி போட்டால் இந்த இரட்டை முகமே மறைந்துவிடும் என்பதுதான் வேடிக்கை.

அப்புறம் அக்காவின் சீட்டு. 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு. ஆகவே 512 ஆயிரம் என்றால் 512 தடவை 1001, அதில் 512 குறைவு. 1001-ன் மடங்கில் 7, 11, 13 மூன்றும் எப்படியும் அடங்கும், அதைத் தள்ளிவிடலாம். மிச்சம் பார்க்க வேண்டியது 512-க்கும் 148-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும்: 364. அது 7×52, 13×28. 11-ஆல் வகுபடாது. அப்படியானால் 512148-ம் 7, 13 இரண்டாலும் வகுபடும், 11-ஆல் வகுபடாது. 3-க்கும் 9-க்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கப் பள்ளியில் படித்தோம். 7-க்கு இவ்வளவு சுலபமான வழி இருப்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்னும் நீளமான எண் என்றால் வலப்பக்கமிருந்து மும்மூன்றாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

முழுக்கப் பிரித்தால் 512148 = 2×2×3×7×7×13×67. அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 72. 379 பகா எண் என்பதால் 379379-க்கு வெறும் 16. ஓர் எண்ணைத் தவிர்த்து, அதை வகுக்கும் மற்ற எண்களைக் கூட்டினால் அதே எண் வந்தால் நிறைவெண் என்பார்கள்: 6 = 1+2+3. அந்தக் கணக்கில் 379379-க்குக் கிடைப்பது 131341-தான், குறைவெண். 512148-க்கோ 10,07,244. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, மிகையெண். பார்வைக்குச் சாதாரணமான அக்காவின் எண்ணுக்குள்தான் சரக்கு அதிகம்.

நான் 379379-ஐ எடுத்துக்கொண்டேன். அதற்குக் கீழே தொங்கியது 379380. வித்தியாசம் 1. அது 7-க்கும் மடங்காது, 11-க்கும் மடங்காது, 13-க்கும் மடங்காது.