ஓரவஞ்சனை இருக்க இரட்டை வேடம் எதற்கு?

ரியாலிட்டி நிகழ்ச்சியிலிருந்து வெளியேறிய போட்டியாளர்களைப் பேட்டி எடுக்கிறார்கள். பெண்ணிடம், ‘உள்ளே போய் நல்லா வெயிட் போட்டுட்டீங்க, கல்யாணம் எப்போ?’ என்கிறார் நெறியாளர். அடுத்து வந்த ஆணிடம் ஆட்டத்தைப் பற்றி மட்டுமே கேள்வி. இதைக் கண்டிப்பவர்கள் உடனே ‘நெறியாளரின் இரட்டை வேடம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கண்டனம் சரி, சொல் தவறு. ஒரே செயலை ஆளுக்கு ஓர் அளவில் அளப்பதை ஆங்கிலத்தில் டபுள் ஸ்டாண்டர்ட் (double standard) என்பார்கள். அதற்கு இரட்டை வேடம் ஒருநாளும் ஈடாகாது.

ஆங்கிலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் இரண்டு இடங்களில் புழங்கியது. பொன், வெள்ளி இரண்டையும் நாணய மதிப்புக்கு அடிப்படையாக வைப்பது ஒன்று. ஆணுக்கு ஓர் ஒழுக்கம், பெண்ணுக்கு ஓர் ஒழுக்கம் என்பது இன்னொன்று. படைவீரர்களிடையே பால்வினை நோயைத் தடுக்க 1864-இல் பிரிட்டனில் வந்த தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்வதாகக் காவலர்கள் சந்தேகப்பட்ட பெண்களைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு இழுத்தது. அவர்களிடம் போன படைவீரர்களை விட்டுவிட்டது. பெண்ணுரிமைப் போராளி ஜோசபின் பட்லரும் அவருடன் நின்றவர்களும் போராடி, 1886-இல் அதை நீக்க வைத்தார்கள். ஆக, இங்கே ஸ்டாண்டர்ட் என்றால் அளவை.

வேடம் என்பது மறைப்பு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சினிமாவில் அண்ணன் தம்பியாக ஒரே நடிகர் வந்தாலும் அதே சொல்தான். இந்த நெறியாளர் எதை மறைத்தார்? கேமரா முன்னால், அத்தனை பேர் பார்க்க, அவர் உண்மையிலேயே நம்புவதைத்தான் கேட்டார். அவரை வேடதாரி என்றால், ‘நான் மனசுல பட்டதைப் பேசுறவன்’ என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவருடைய அளவை கோணல் என்பதுதானே குற்றச்சாட்டு? வேடம் என்றதும் அது அவருடைய நேர்மையைப் பற்றிய வழக்காகிவிடுகிறது. வேறொரு நாள் ஒரு பெண் விருந்தினர், ஆண் போட்டியாளரின் வழுக்கையையும் தொப்பையையும் சொல்லிச் சிரிக்கிறார். முன்பு கொதித்தவர்களே ‘சும்மா ஜாலிக்கு’ என்கிறார்கள். அவர்களும் வேடம் போடவில்லை. ஒரே செயலை ஆளுக்குத் தக்கபடி அளக்கிறார்கள்.

இரட்டை நிலைப்பாடும் பொருந்தாது. நெறியாளருக்கு இருப்பது ஒரே நிலைப்பாடுதான். இரட்டைத் தரம் என்றால் அரிசிக் கடையில் முதல் தரம், இரண்டாம் தரம் பிரிப்பதுதான் நினைவுக்கு வரும். இரட்டை அளவுகோல் எவ்வளவோ மேல், அளவையைப் பற்றியாவது பேசுகிறது. ஆனாலும் அது ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியது. தமிழ் மரபில் கோல் ஒன்றுதான். அது வளையும், அல்லது நேராக நிற்கும். ஒருபால் கோடாமையே (ஒரு பக்கம் சாயாமையே) சான்றோர்க்கு அணி என்கிறது குறள் (118). மதுரையில் கோவலன் வழக்கில் பாண்டியனின் கோல் வளைந்தது; அதைத் தன் உயிர் கொடுத்து நிமிர்த்தினான் என்கிறது சிலப்பதிகாரம். வளைந்த கோலுக்குக் கதை சொன்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு கோலை இறக்குமதி செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

நம்மிடம் ஓரவஞ்சனை இருக்கிறது. ஓரம் என்றால் விளிம்பு, பக்கம், அதிலிருந்து பக்கச்சார்பு. ஊர் மன்றத்தில் ஓரம் சொன்னவன் வீட்டில் வெள்ளெருக்குப் பூக்கும், மூதேவி குடியிருப்பாள் என்று ஔவையின் நல்வழி சபிக்கிறது. இன்றும் மேலூர்ப் பக்கம், தம்பி தட்டில் இரண்டு முட்டை விழுந்தால், ‘ஓரவஞ்சனை பண்றீகளே அப்பத்தா!’ என்று பேத்தி சண்டைக்கு நிற்பாள். அவள் அப்பத்தாவை நடிக்கிறாய் என்று சொல்லவில்லை. ஒரே அளவு கிடைக்கவேண்டிய இருவரில் ஒருவருக்குக் குறைந்தது என்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிடத் தன் பேரனுக்கு அதிகம் வைத்தால் யாரும் அதை ஓரவஞ்சனை என்பதில்லை. சமமாக நடத்தவேண்டிய இடத்தில் சமம் தவறினால்தான் அந்தச் சொல் வரும். டபுள் ஸ்டாண்டர்டுக்கு இதைவிட நெருக்கமாக எது வரும்?

வஞ்சனை வடசொல் ஆயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். அப்படியானால் ஓரம் மட்டும் போதும், வளைவு என்ற பொருளில் கோட்டம் என்றும் எழுதலாம். ஆனால் அப்பத்தாவுக்கும் பேத்திக்கும் புரிகிற சொல்லைத் தள்ளிவிட்டு, விளக்கம் தேவைப்படும் சொல்லைத் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதே செய்திகளில் இன்னொரு கொடுமை, செக்சிஸ்ட் பேச்சைப் ‘பாலியல் கருத்து’ என்பது. 1960-களில் அமெரிக்காவில், இனப் பாகுபாட்டைக் குறிக்கும் ரேசிசம் என்ற சொல்லின் அச்சில் எழுந்த சொல் செக்சிசம். அது பாகுபாட்டைக் குறிப்பது. பாலியல் என்று எழுதியதும் படிப்பவர் ஆபாசமாக ஏதோ நடந்தது என்று நினைக்கிறார். ‘கல்யாணம் எப்போ’ என்பதில் ஆபாசம் எங்கே? ‘அப்படி ஒன்றும் தப்பாகப் பேசவில்லையே’ என்று நெறியாளர் தப்பிக்க இந்த மொழிபெயர்ப்பே வழி விடுகிறது. பாலினப் பாகுபாட்டுப் பேச்சு என்று எழுதுங்கள். நீளம் என்றால், பெண்ணென்று இளக்காரம் செய்தார் என்று எழுதுங்கள். தலைப்புக்கு ‘பேட்டியில் ஓரவஞ்சனை: பெண்ணிடம் உடல் எடை, ஆணிடம் ஆட்டம்’ என்று போட்டால் நடந்தது அப்படியே வந்துவிடும்.