கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: கட்டிலோரத்தில் பிறந்த சொல்

மனநலப் பராமரிப்பு பற்றி ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எழுதிய கட்டுரையின் தமிழாக்கம் என்னிடம் செப்பனிட வந்தது. நாலாவது பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. கட்டுரை ஆசிரியர் ‘மருத்துவ உளவியலாளர்’. வந்தவர்களிடம் அவர் உட்கார்ந்து பேசியது ‘மருத்துவ நேர்காணல்’. ஆய்வில் கிடைத்தது ‘மருத்துவரீதியில் குறிப்பிடத்தக்க மாற்றம்’. மூலத்தில் மூன்று இடத்திலும் கிளினிக்கல் என்ற ஒரே சொல்தான் இருக்கிறது, அதனால் மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழில் படிக்கிறவருக்கு மூன்றிலும் மாத்திரை வாசம் அடிக்கும். கட்டுரையிலோ பேச்சுக்குத் துணையாக ஒரு மாத்திரைகூட வரவில்லை.

சொல்லின் வேரைத் தேடிப் போனால் ஒரு கட்டிலில் இடித்துக்கொள்வோம். கிரேக்கத்தில் ‘க்ளினெய்ன்’ என்றால் சாய்தல். சாய்ந்து படுக்க உதவுவது ‘க்ளினே’, அதாவது கட்டில். படுக்கையில் கிடப்பவரைத் தேடிப் போய்ப் பார்க்கும் வைத்தியர் ‘க்ளினிகோஸ்’. சாய், சாய்வு, சாய்மானம் என்று நம் சொல் நடந்த வழியும் கிட்டத்தட்ட இதுதான். பிற்காலத்தில் கட்டிலைச் சுற்றி மாணவர்களை நிறுத்தி நோயாளியைக் காட்டிப் பாடம் சொல்லும் முறைக்கு கிளினிக் என்று பெயர் வந்தது. கட்டடத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அதற்கும் பிறகு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரின் பேச்சை ‘கிளினிக்கல்’ என்றால் ஈரமே இல்லாத பேச்சு என்று பொருள். நோயாளியின் தலைமாட்டில் பிறந்த சொல் எவ்வளவு தூரம் விலகிப் போய்விட்டது!

இந்தச் சொல்லை உளவியலோடு சேர்த்துவைத்தவர் லைட்னர் விட்மர். ஜெர்மனியின் லைப்சிக்கில், சோதனை உளவியலின் முன்னோடியான வில்ஹெல்ம் வுண்டிடம் படித்துவிட்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1896-இல் ஒரு பள்ளி ஆசிரியை 14 வயதுப் பையனை அவரிடம் கூட்டிவந்தார். மற்றபடி கெட்டிக்காரப் பையன், ஆனால் எழுத்துக்கூட்டி எழுத மட்டும் வரவில்லை. விட்மர் சோதித்துப் பார்த்ததில் கண்ணிலும் கோளாறு இருந்தது. கண்ணாடி போட்டு, கூடவே தனிப்பயிற்சியும் கொடுத்தார்கள். உலகின் முதல் உளவியல் கிளினிக் அந்த ஆண்டில் இப்படித்தான் தொடங்கியது. கட்டிலும் இல்லை, படுத்துக் கிடந்தவரும் இல்லை. 1907-இல் தான் தொடங்கிய இதழில் விட்மர் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தபோது, சொல்லை மருத்துவத்திடமிருந்து கடன் வாங்கியதாக ஒளிக்காமல் எழுதினார். கிளினிக்கல் என்பது இடத்தைக் குறிக்கவில்லை, ஒரு முறையைக் குறிக்கிறது என்பது அவர் வாதம். ஒரே ஒரு ஆளை எதிரில் உட்காரவைத்து, அவரை முழுதாகப் பார்த்து, பார்த்ததைக்கொண்டு அவருக்கு ஏதாவது செய்வது. தமிழாக்கம் செய்கிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வரையறையைத்தான்.

‘சைக்காலஜி’ பகுதியில் நமக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. ‘ப்ஸுகே’ என்றால் மூச்சு, உயிர், ஆன்மா. அதற்கு அச்சு அசலாகப் பொருந்தும் தமிழ்ச்சொல் ‘ஆவி’தான். ஆனால் ஆவியியல் என்று பெயர்ப்பலகை வைத்தால் வருகிற கூட்டமே வேறு. பழைய பத்திரிகைகளில் ‘மனோதத்துவம்’ என்றார்கள், இப்போது ‘உளவியல்’ நிலைத்துவிட்டது. உளம் + இயல் சேரும்போது மகரம் கெட்டு வகரம் உடம்படுமெய்யாக வருகிறது. உளவு பார்ப்பதற்கும் இதற்கும் உறவில்லை என்று இன்னும் சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளம் ‘உள்’ என்பதிலிருந்து வந்தது, ‘உள்ளுதல்’ என்றால் நினைத்தல். ‘உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்’ என்ற குறளில் இருப்பது அந்த வினைதான். உள்ளே இருப்பதையும் நினைப்பதையும் ஒரே வேர் தாங்குகிறது. என்னைக் கேட்டால், கிரேக்க மூச்சைவிட இது இந்தத் துறைக்குப் பொருத்தம்.

குழப்பம் தொடங்குவது பக்கத்து வீட்டுச் சொற்களோடு. ‘மனநல மருத்துவர்’ என்பவர் சைக்கியாட்ரிஸ்ட். ‘இயாட்ரோஸ்’ என்றால் கிரேக்கத்தில் வைத்தியர். ஜெர்மானிய மருத்துவர் யோகான் கிறிஸ்டியன் ரைல் 1808-இல் உருவாக்கிய சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. இவர் எம்.பி.பி.எஸ். போன்ற மருத்துவப் படிப்பு முடித்தவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் உளவியல் படித்தவர். மதிப்பீடு செய்வதும் பேச்சுவழிச் சிகிச்சை தருவதும் இவர் வேலை. பெரும்பாலான நாடுகளில் இவர் மருந்துச் சீட்டு எழுத முடியாது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ 2002-இலும் லூசியானா 2004-இலும் கூடுதல் பயிற்சி பெற்றவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தன. கவுன்சிலர் மூன்றாவது ஆள். ‘ஆற்றுப்படுத்துநர்’ என்றும், இலங்கைத் தமிழில் ‘உளவளத்துணையாளர்’ என்றும் அவரைச் சொல்கிறோம். ஆளைத் தெரிந்துகொள்ளத் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது: கடைசிச் சொல்லைப் பாருங்கள். மருத்துவர் என்று முடிந்தால் மருத்துவர், உளவியலாளர் என்று முடிந்தால் உளவியலாளர்.

அப்படியென்றால் முன்னால் எதற்கு ‘மருத்துவ’? அதை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ‘சிகிச்சை உளவியலாளர்’ என்றால் மதிப்பீடு விடுபடுகிறது. ‘நோய்நிலை உளவியல்’ என்றால் எழுத்துக்கூட்ட வராத பையனை நோயாளி ஆக்கிவிடும். அப்போதுதான் ஒரு குறள் குறுக்கே வந்தது:

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோய் உற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர் ஆகிய நாலும் சேர்ந்ததுதான் மருந்து. ஒரே குறளில் ‘மருந்து’ இரண்டு முறை வருகிறது. முதலாவது கையில் கொடுக்கும் பொருள், இரண்டாவது மொத்தக் கவனிப்பு. ‘உழை’ என்றால் பக்கம். கிரேக்கர் கட்டிலோரம் என்றதை வள்ளுவர் பக்கத்தில் என்கிறார். காமத்துப்பாலில் இன்னும் ஒரு படி போய், அவள் தந்த நோய்க்கு அவளே மருந்து என்கிறார். மருத்துவச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவள் பெயரிலும் ‘மருந்து’ இருக்கிறது. மருந்தை மாத்திரை அளவுக்குச் சுருக்கியது நாம்தான். ஆகவே ‘மருத்துவ உளவியலாளர்’ இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

‘மருத்துவரீதியில் குறிப்பிடத்தக்க’ என்பதை மட்டும் விட முடியவில்லை. 1949-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் சிகிச்சையாளராகவும் ஆய்வாளராகவும் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவு செய்தது. அதிலிருந்து இவர்கள் எழுத்தில் எண்கள் நிறைய வரும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஆயிரக்கணக்கானவர்களிடம் ஆய்வு செய்தால் சராசரி ஒரு புள்ளி குறைந்தாலே புள்ளியியல்படி, அதாவது தற்செயலாக வந்ததாகத் தெரியவில்லை என்ற அளவில், அது ‘குறிப்பிடத்தக்கது’ ஆகிவிடலாம். ஆனால் அந்த ஒரு புள்ளியால் யாருக்கும் தூக்கம் திரும்பி வந்திருக்காது. இந்த வினாத்தாளில் 5 புள்ளி மாறினால்தான் மாற்றம் என்று சிகிச்சையாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கிளினிக்கலி சிக்னிஃபிகன்ட் என்பது அது. அந்த இடத்தில் ‘வாழ்க்கையில் தெரிகிற மாற்றம்’ என்று திருத்தினேன். நீளம்தான், ஆனால் புரியும்.

திருத்திய பிரதியைக் கட்டுரை ஆசிரியருக்கு அனுப்பினேன். இரண்டையும் ஏற்றுக்கொண்டார். நேர்காணலுக்கு நேராக ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: “என்னிடம் வருகிறவர் வேலை கேட்டு வந்தவர் மாதிரி இருக்கிறதே, வேறு சொல் கிடைக்குமா?” அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.