பேரன் பட்டாளத்தில இருந்தவராம்

"எங்கட பேரன் பட்டாளத்தில இருந்தவர்."

காணி உறுதி முடித்துக் கையெழுத்தும் வைத்துவிட்டு எழும்பும் நேரத்தில்தான் பலரும் இதைச் சொல்வார்கள். பேரன் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் தாத்தா. நான் யாழ்ப்பாணத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பிரசித்த நொத்தாரிசாக, அதாவது காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவராக, இருக்கிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணி என்றால், பரம்பரையாக வந்த முதுசமா, சீதனமா, மணவாழ்க்கையில் சேர்த்த தேடிய தேட்டமா என்று பிரித்து, யாருக்கு யார் பிள்ளை என்று இரண்டு மூன்று தலைமுறை எழுதாமல் ஒரு பரப்பும் கைமாறாது. அந்த வேலையாலேயே வம்ச வழி தேடுகிறவர்களுக்கும் நான் கொஞ்சம் துணையாகிவிட்டேன். கனடாவிலும் இலண்டனிலும் வளர்ந்த பிள்ளைகள் இப்போது காணியைப் பற்றிக் கேட்பதை விடப் பேரனைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். பேரன் பட்டாளத்தில் இருந்தவரா, பட்டாளத்துக்கு வேலை செய்தவரா? வீட்டுப் பேச்சில் இரண்டும் ஒன்று. ஆவணத்தில் இரண்டும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு பெட்டியில் கிடக்கும்.

1939 முதல் 1945 வரை நடந்த போரை எடுங்கள். பலாலி விமானத் தளம் அந்தக் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1945இல் அங்கிருந்து 203ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர் விமானங்கள் கடலுக்கு மேலே பறந்தன. ஒரு தளம் என்றால் மண் வெட்ட, கல் சுமக்க, கணக்கு எழுத, சமைக்க என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் வேண்டும். திருகோணமலைக் கடற்படைத் துறைமுகத்திலும் அப்படித்தான். சம்பளம் வாங்கியவர் ஊருக்குத் திரும்பி "ஆமியில வேலை" என்றார். பேரப்பிள்ளை காதில் அது "ஆமிக்காரன்" ஆனது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய பெயரைப் படைவீரர் பட்டியலில் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது. ஒரு சின்ன உதவிக் குறிப்பும் இங்கே சொல்லவேண்டும்: விமானப்படை ஆவணங்களில் அந்தத் தளத்தின் பெயர் பலாலி அல்ல, காங்கேசன்துறை.

சென்ற வருடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். குடும்பத்தை அடையாளம் காணமுடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரிடம் சட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. அரைக் காற்சட்டை, முழங்கால் வரை மேசு, இடுப்பில் அகலமான தோல் பட்டி, கக்கத்தில் தொப்பி. அவருடைய அம்மப்பா. இணையத்தில் ஒரு குடும்ப மரத்தில் "பிரித்தானிய இராணுவ வீரர், இரண்டாம் உலகப் போர்" என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதைப் பார்த்து உறவினர் மூன்று பேர் தங்கள் மரங்களிலும் அப்படியே போட்டிருந்தார்கள். அவர் என்னிடம் சொன்னார், "நாலு இடத்தில இருக்கு, அப்ப உண்மையாத்தானே இருக்கும்?" நாலும் ஒரே வாயிலிருந்து வந்தவை. எழுதிய முதல் ஆளுக்கு இருந்த ஒரே ஆதாரம் இந்தப் படம்.

படத்தை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் இருந்த கடதாசிகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

முதலில் வந்தது சாதகம். சாதாரண வருடம், புரட்டாதி மாதம். அறுபது வருடச் சுற்றில் சாதாரண என்பது 1850, 1910, 1970 மூன்றுக்கும் பொருந்தும்; இவருக்கு 1910 தான் சரி. ஆகவே போர் தென்கிழக்காசியாவுக்கு வந்தபோது முப்பத்தொரு வயது. உத்தியோகப் பதிவுகளில் உள்ள பிறந்த திகதியும் சாதகமும் ஒத்துவராத குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்ன வயசே பிறகு உத்தியோகத்துக்கும் போயிருக்கும். திகதி பிழைக்கிறது என்பதற்காக ஆள் வேறு என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது விவாக அத்தாட்சிப் பத்திரம். அதில் மணமகனின் தொழிலும் இரண்டு தகப்பன்மாரின் பெயர்களும் இருக்கும். பேரனைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பெறுமதியான ஒற்றைத் தாள் இல்லை. பதிவு நடந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். இவருடைய தொழில், மலாயா றெயில்வே கிளாக்கர்.

பிறகுதான் என் தொழிலுக்குள் வரும் சங்கதி கிடைத்தது. 1943இல் அம்மம்மா தன் சீதனக் காணியில் ஒரு துண்டைக் கடனுக்கு ஈடு வைத்திருந்தார். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படி. ஆனால் கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து, சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்ற அனுமதி பெறலாம். அந்த ஈட்டு உறுதியின் முகப்புரையில் அப்படி ஓர் அனுமதி பெற்றதாக நாலு வரி இருந்தது. கணவர் மலாயாவில் உத்தியோகம் பார்ப்பவர், யுத்தம் காரணமாக அவரிடமிருந்து செய்தி இல்லை.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. கடிதமும் காசும் நின்றன. மலாயாக் காசில் அடுப்பு எரிந்த யாழ்ப்பாண வீடுகளில் அது எப்படிப்பட்ட நாள் என்று இந்த நாலு வரி எனக்குச் சொன்ன அளவுக்கு வேறெதுவும் சொன்னதில்லை. அடுத்த உறுதி 1946இல். அதில் அவரே நேரில் வந்து கையெழுத்திட்டிருக்கிறார், அழகான சாய்ந்த எழுத்து.

இந்த இரண்டு உறுதிகளும் சேர்ந்து ஒரு பெரிய கதவை மூடிவிட்டன. அவர் இலங்கைப் பாதுகாப்புப் படையில் இருந்திருக்க முடியாது. அந்தப் படை, அதாவது இலங்கை இலகு காலாட்படை, கோட்டைப் பீரங்கிப்படை முதலியவை சேர்ந்தது, பிரித்தானிய இராணுவத்தின் பகுதியல்ல; குடியேற்ற நாட்டின் படை. இங்கே சேர்ந்தவர்களை இங்கேதான் முதலில் தேடவேண்டும். 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி இலங்கை இராணுவம் உருவாகும் வரைக்கும் உள்ள காலம் அது. அப்படைக்காரர் வெளிநாடு போகவே இல்லை என்றும் நினைக்கக்கூடாது. கொக்கோஸ் தீவில் காவல் இருந்த இலங்கைப் பீரங்கிப்படையினர் 1942 மே 8ஆம் திகதி இரவு கிளர்ச்சி செய்தார்கள். அதற்காக மூன்று பேர் அந்த ஓகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

மலாயாவில் இருந்தவருக்கு வேறு வழிகள் இருந்தன. மலாய் மாநிலங்களிலும் நீரிணைக் குடியேற்றங்களிலும் தொண்டர் படைகள் இருந்தன. கந்தோரில் வேலை பார்த்தவர்கள் பின்னேரம் அணிவகுப்புக்குப் போனார்கள். 1941 டிசம்பரில், யப்பானியர் மலாயாவின் கோத்தபாருவில் இறங்குவதற்குச் சில நாள் முந்தியே, அந்தப் படைகள் அழைக்கப்பட்டன. தோல்வி நெருங்கியபோது உள்ளூர்த் தொண்டர்கள் பலர் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு 1943இல் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்தார். பிரித்தானியருக்கு எதிராகப் போரிட்ட அவருடைய இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் திரண்டார்கள், இலங்கைத் தமிழரும் சேர்ந்தார்கள். பேரன்மார் மட்டுமா? மலேசியாவின் பெயர்பெற்ற கல்வியாளர் ராசம்மா பூபாலன் பதின்ம வயதில் அந்த இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படையில் சேர்ந்தவர். உங்கள் பேத்தியாரின், அதாவது பாட்டியின், பெயரையும் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இந்தப் படையில் இருந்தவரின் பெயர் பிரித்தானியப் படைவீரர் சேவைப் பதிவில் வராது; புதுதில்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் இதற்குரிய கோப்புகள் உண்டு. பிரித்தானிய ஆட்சி திரும்பி வந்த பிறகு அரசாங்க உத்தியோகத்துக்கும் பென்சனுக்கும் காத்திருந்த ஒருவர், போஸின் படையில் இருந்ததை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அந்தக் காலத்தில் மலாயாவில் காணாமல் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சியாம் - பர்மா றெயில் பாதையில், ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளத்துக்கு, மாண்ட நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளருக்கு அப்படி இல்லை. ஆகவே ஒரு பெயர் கிடைக்கவில்லை என்பதை வைத்து அந்த மனிதர் அங்கே போகவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கல்லறைகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத் தேடலை எல்லோரும் முதலில் திறக்கிறார்கள். இலவசம், நல்ல சேவை. திருகோணமலை, கண்டி, கொழும்பு லிவறமெந்து முதல் சிங்கப்பூர் கிராஞ்சி, ரங்கூன் அருகே தௌக்கியான் வரை அதில் தேடலாம். ஆனால் அது இறந்தவர்களின் பட்டியல். இரண்டாம் போருக்கு 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள். போர் முடிந்து வந்து, கல்யாணம் கட்டி, எழுபது வயதில் மானிப்பாயில் கண்ணை மூடிய பேரன் அதில் இருக்கமாட்டார்.

பிரித்தானிய இராணுவத்திலேயே நேரடியாகச் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போன இலங்கையரும் உண்டு. அவர்களுக்குரிய தேடல் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த சேவைப் பதிவுகள் 2022 முதல் அங்கே மாற்றப்பட்டு வருகின்றன. முதலாம் உலகப் போர் என்றால் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். சாதாரணச் சிப்பாய்களின் பதிவுகளில் பாதிக்கும் மேல் 1940 செப்டெம்பரில் விழுந்த குண்டில் எரிந்துபோயின.

பெயர்தான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. ஒரு கந்தோர் கடைசிப் பெயரைப் பிடித்துப் பதியும், இன்னொன்று தகப்பன் பெயரில் பதியும். கந்தையா ஆங்கிலத்தில் 'கே'யிலும் தொடங்குவார், 'சி'யிலும் தொடங்குவார். சின்னத்தம்பி 'எஸ்'இலும் இருப்பார், 'சி'யிலும் இருப்பார். ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே பெயரும் ஒரே தகப்பன் பெயரும் உள்ள இரண்டு பேரை ஒரு வழக்கில் நானே கண்டிருக்கிறேன். பெயர் பொருந்தினால் போதாது. ஊர், தகப்பன், மனைவி, பிறந்த ஆண்டு, சேவை இலக்கம் ஆகியவற்றில் இன்னும் இரண்டாவது ஒத்துவராமல் ஒரு ஆவணத்தை உங்கள் பேரனுக்குச் சூட்டாதீர்கள்.

பதக்கம் இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். முதலாம் போர்ப் பதக்கங்களில் இலக்கம், நிலை, பெயர், படையணி எல்லாம் விளிம்பில் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் பிரித்தானியப் படைகளுக்குக் கொடுத்தவற்றில் பெயர் இல்லை. இந்திய, ஆஸ்திரேலியப் படைகளுக்குக் கொடுத்தவற்றில் உண்டு. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனின் மேல் நிற்கும் சிங்கமும் இருந்தால் அது 1939-45 போர்ப் பதக்கம். இருபத்தெட்டு நாள் முழுநேரச் சேவை செய்தவருக்கும் கிடைத்தது. பெயரில்லாத பதக்கத்தை விட, அது வந்த சின்ன மட்டைப் பெட்டியும் உள்ளிருந்த துண்டும் பெறுமதியானவை. தயவுசெய்து பளபளக்கத் தேய்க்காதீர்கள். கடதாசிகளை இலமினேற் செய்யாதீர்கள்.

எங்கள் வீடுகளில் கடதாசி ஏன் இல்லை என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எல்லோரும் அறிவார்கள். றங்குப் பெட்டிகள் எரிந்ததை யார் எழுதினார்கள்? பிறகு வந்த எங்கள் சொந்தப் போர்க் காலத்தில், சீருடை போட்ட யாருடைய படமும் வீட்டில் இருக்கக்கூடாது என்ற பயத்தில், வெள்ளைக்காரன் காலத்துப் படங்களைக்கூடக் கிழித்தும் புதைத்தும் விட்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நடந்தபோது உறுதிக் கட்டைத் தூக்கியவர்கள், படத்தைத் தூக்கவில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் மிஞ்சிய ஒரு படத்தை ஒரு கிழவி எனக்குக் காட்டியிருக்கிறார்.

ஆனாலும் மிஞ்சியவை உண்டு. இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்ட நினைவுப் புத்தகங்களை, நாங்கள் கல்வெட்டு என்று சொல்பவற்றை, தேடுங்கள். வெண்பாவும் ஒப்பாரியும் என்று நாங்கள் புரட்டிவிட்டுப் போகிற புத்தகத்தில், முன்பக்கத்து வாழ்க்கைக் குறிப்பில், எந்த ஊரில் எந்த உத்தியோகம் என்று இருக்கும். பின்பக்கத்தில் வம்ச வரிசையும் இருக்கும். நூலகம் எண்ணிம நூலகத்தில் இவற்றையும் பழைய பத்திரிகைகளையும் பார்க்கலாம். வேதக்காரக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடு. காணிப் பதிவகத்தில், உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால், பழைய உறுதியின் பிரதி எடுக்கலாம். முக்கியமாக, தொண்ணூறு வயதுக்காரர் ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இருந்தால் இந்தக் கிழமையே போங்கள். "பேரன் சண்டை பிடிச்சவரோ" என்று கேட்காதீர்கள். "ஓம்" என்றுதான் சொல்வார்கள். காசு எந்தப் பெயரில் வந்தது, எப்போது நின்றது, திரும்பி வந்த அன்று கையில் என்ன கொண்டுவந்தார் என்று கேளுங்கள்.

அந்தப் பெண்ணின் படத்துக்கு வருகிறேன். சட்டத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை. கவனமாகக் கழற்றினோம். பின்னால் மலாயாவின் சிரம்பானில் இருந்த ஒரு படக்கடையின் முத்திரை, கீழே பென்சிலில் 1939. மலாயாவுக்குப் போர் வருவதற்கு இரண்டு வருடம் முந்தியது. தொண்டர் படையின் உடுப்பாக இருக்கலாம். றெயில்வே உடுப்பாகவும் இருக்கலாம். பட்டியின் கொளுவியைப் பெரிதாக்கிப் பார்க்க நல்ல பிரதி ஒன்று எடுத்திருக்கிறார். குடும்ப மரத்தில் "இராணுவ வீரர்" என்பதை அழித்து, "மலாயா றெயில்வே, 1942 முதல் 1945 வரை செய்தி இல்லை, சீருடை பற்றித் தேடுகிறோம்" என்று மாற்றினார். மற்ற மூன்று பேருக்கும் எழுதினார்.

போகும்போது அம்மம்மாவின் ஈட்டு உறுதிக்கும் ஒரு பிரதி கேட்டார். ஈடு எதற்கு என்று அதில் இருக்கிறதா என்றார். இருந்தது. இலவசக் கல்வி வருவதற்கு இரண்டு வருடம் முந்தியது அது. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு என்று எழுதியிருந்தது. அந்த வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார். மூத்த பிள்ளை அவருடைய அம்மா.