'ஆக' வந்தால் 'லி' சேர்த்துவிடலாமா?

மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வேலை தேடும் பிள்ளைகளின் விண்ணப்பங்களைத் திருத்தும்போது ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: 'ஐ வில் வொர்க் ஹார்ட்லி.' கடுமையாக உழைப்பேன் என்று மனதாரச் சொல்கிறார்கள். படிக்கிறவருக்கோ 'வேலையே செய்ய மாட்டேன்' என்பது போலப் படும். 'ஹார்ட்லி' என்றால் 'கிட்டத்தட்ட இல்லவே இல்லை'. 'வொர்க் ஹார்ட்' என்பதோடு நிறுத்தியிருந்தால் போதும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 'தமிழில் ஆக வந்தால் ஆங்கிலத்தில் லி சேர்' என்று பள்ளியில் வினையடைக்கு, அதாவது செயலைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கு, குறுக்குவழி சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அமைதியாக, தெளிவாக போன்ற சொற்களுக்கு அது சரிதான். மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்.

கரும்பலகையில் இரண்டு வரி எழுதுவேன். 'அவள் அழகாக இருக்கிறாள்.' 'அவள் அழகாக எழுதுகிறாள்.' இரண்டிலும் அதே 'அழகாக'. அது எதைப் பற்றிச் சொல்கிறது என்று கேட்பேன். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் ஒரு குரல் வரும்: 'முதல் வரியில் அவளைப் பற்றி, இரண்டாவதில் எழுதுறதைப் பற்றி.' அவ்வளவுதான் விஷயம். ஆளைச் சொன்னால் 'ஷி ஈஸ் பியூட்டிஃபுல்'. செயலைச் சொன்னால் 'ஷி ரைட்ஸ் பியூட்டிஃபுல்லி'. மாம்பழம் இனிப்பாக இருந்தாலும் 'டேஸ்ட்ஸ் ஸ்வீட்' தான். இனிப்பு பழத்துக்கு உரியது, ருசிக்கும் செயலுக்கு உரியதல்ல. தமிழில் 'இரு' பக்கத்தில் வரும் 'ஆக'வைப் பார்த்தால் ஒரு நொடி நின்று யோசியுங்கள்.

'ஃப்ரெண்ட்லி', 'லோன்லி' எல்லாம் லி-யில் முடிந்தும் பெயரடைதானே, ஆளையோ பொருளையோ பற்றிச் சொல்பவைதானே என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பழைய ஆங்கிலத்தில் 'லிக்' என்றால் உடல், உருவம். அதிலிருந்து பெயரடைக்கு ஒரு விகுதியும், அதோடு 'எ' சேர்ந்து வினையடைக்கு ஒரு விகுதியும் வந்தன. காலப்போக்கில் இரண்டும் தேய்ந்து ஒரே 'லி' ஆகிவிட்டன. ஃபாஸ்ட், ஹார்ட் கதையும் இதேதான். அன்று வினையடையின் கடைசியில் இருந்த 'எ' உதிர்ந்துபோக, பெயரடையும் வினையடையும் ஒரே உருவில் நிற்கின்றன. எஸ்டர்டே, ஹியர், ஆஃபன், வெரி இவையும் வினையடைகள்தான், இவற்றுக்கும் லி கிடையாது. எப்படி, எப்போது, எங்கே, எத்தனை தடவை, எந்த அளவு என்ற கேள்விகளில் ஒன்றுக்கு அந்தச் சொல் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் அது வினையடை. வால் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

இடமும் முக்கியம். தமிழில் வினையடையை வினைக்கு முன்னால் வைத்தே பழகியதால் 'ஐ வெரி லைக் திஸ்' என்று வாயில் வந்துவிடும். 'ஐ லைக் திஸ் வெரி மச்' என்று கடைசிக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று, எந்த இலக்கணப் பயிற்சியிலும் நான் பார்க்காதது. என் வகுப்புக்கு வரும் ஓர் அம்மா, மடியில் குழந்தை தூங்கும்போது போனில் பேசியவரிடம் 'ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி' என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அதே சத்தத்தில் பேச்சு தொடர்ந்தது. நம் 'மெதுவாக'வில் வேகமும் அடங்கும், சத்தமும் அடங்கும். ஆங்கிலத்தில் அவை இரண்டு சொற்கள். அவர் கேட்க வேண்டியிருந்தது 'ஸாஃப்ட்லி'.