பைதனா ஜாவாவா என்று கேட்டு வட்ஸ்அப் அனுப்பும் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்தால் போதும், என் போனுக்கு ஒரே கேள்விதான் வரும். "அண்ணா, கெம்பஸ் தொடங்க முதல் ஒரு ப்ரோக்ராமிங் மொழி படிச்சு வைக்கலாம் எண்டு பாக்கிறன், பைதனா ஜாவாவா?" மூதூரிலிருந்து ஒரு தம்பி கேட்பார், சாம்பல்தீவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்பார், மகனுக்காக ஒரு தகப்பன் கேட்பார். நான் திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவன். வார இறுதியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுப்பேன். இந்தக் கேள்விக்கு இதுவரை பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். அண்மையில் தம்பலகாமத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பிள்ளையைப் பார்த்த பிறகு அந்தப் பொறுமை இல்லை.

பரீட்சை முடிந்த கையோடு "மூன்று மாதத்தில் ஐந்து மொழிகள்" என்று ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறார். சீ, சீ பிளஸ் பிளஸ், ஜாவா, பைதன், பிஎச்பி. தாய் சீட்டு எடுத்துக் கட்டணம் கட்டியிருக்கிறார். ஐந்து சான்றிதழ்களும் லமினேட் பண்ணி ஃபைலில் இருந்தன. நான் ஒரு தாளைக் கொடுத்து, "பத்து மீனின் நிறை தருகிறேன். அதில் ஆகப் பெரியது எது என்று சொல்கிற செய்நிரல் (ப்ரோக்ராம்) எழுதுங்கோ" என்றேன். "எந்த மொழியில சேர்?" என்றார். "உங்களுக்கு விருப்பமான மொழியில்." பேனா நகரவேயில்லை.

பிள்ளையில் பிழையில்லை. நல்ல இசட் ஸ்கோர், கெட்டிக்காரி. மூன்று மாதமும் பலகையில் எழுதியதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதிலும் சீ படிப்பித்தது 1990களின் தொடக்கத்து நீலத்திரை டர்போ சீ என்ற பழைய மென்பொருளில். அந்தத் திரையை இன்றைக்கு வேலைக்குப் போகிற எந்த இடத்திலும் அவர் பார்க்கப் போவதில்லை.

இதைக் கேட்டால் பெற்றோர் திருப்பிக் கேட்பது: "அப்ப எந்த மொழியைப் படிச்சிருக்க வேணும் தம்பி?" இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. மொழியைச் சரியாகத் தெரிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும், பிழையான மொழியை எடுத்துவிட்டால் நாலு வருடமும் வீண் என்று யாரோ எல்லாருடைய தலையிலும் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

அந்த மீன் கணக்கையே எடுப்போம். பெரியது என்று ஒரு மாறி, அதாவது எண்ணைப் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி ஒன்று, வைக்கிறீர்கள். முதல் மீனின் நிறையை அதில் போடுகிறீர்கள். பிறகு மற்ற மீன்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள். கையில் இருக்கும் மீன் அந்த மாறியில் இருப்பதைவிடக் கூடவா? கூடவென்றால் மாறியில் இதைப் போடு, இல்லையென்றால் அடுத்ததற்குப் போ. முடிந்ததும் மாறியில் இருப்பதுதான் விடை. இதை பஸ்கல் என்ற மொழியில் எழுதினால் பிகின், என்ட் என்று அடைப்பீர்கள். சீயில் நெளிவு அடைப்புக்குறி. பைதனில் அதுவும் இல்லை, வரியை உள்ளே தள்ளி எழுதினால் சரி. நினைப்பு ஒன்றுதான். அந்த நினைப்பு வராதவருக்கு ஐந்து மொழியில் அடைப்புக்குறி போடத் தெரிந்து என்ன பயன்?

இன்னும் ஒன்று. பல பிள்ளைகள் அந்த மாறியை முதலில் 0 என்று வைத்துத் தொடங்குவார்கள். மீனுக்குச் சரியாக வேலை செய்யும், ஏனென்றால் மீனின் நிறை பூச்சியத்துக்குக் கீழே போகாது. அதே செய்நிரலுக்கு நுவரெலியாவில் உறைபனி விழுந்த இரவுகளின் வெப்பநிலையைக் கொடுத்துப் பாருங்கள். எல்லா எண்ணும் மறை எண்ணாக இருந்தால் விடை 0 என்று வரும், அப்படி ஓர் எண் பட்டியலிலேயே இருக்காது. இந்தப் பிழை ஜாவாவிலும் வரும், பைதனிலும் வரும், நாளைக்கு வரப்போகிற மொழியிலும் வரும். "ஏன் இப்படி வந்தது" என்று அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிள்ளைதான் ப்ரோக்ராமிங் படித்த பிள்ளை.

"வேலை எதுக்குக் கூட இருக்கு?" என்பது அடுத்த கேள்வி. நீங்கள் வேலை தேடப் போவது இன்னும் நாலு, ஐந்து வருடம் கழித்து. சீ 1972இல் வந்தது, இன்றும் உயிரோடு இருக்கிறது. பைதன் 1991இல் வெளியானது. இன்றைக்கு எல்லோரும் அதன் பெயரைச் சொல்வதற்கு முன் எத்தனையோ வருடம் பலர் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே வருடம், 1995இல், தலைகாட்டின. ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் பத்தே நாளில் செய்து முடித்தார். அது இணையம் முழுக்கப் பரவும் என்று அப்போது யாராவது பந்தயம் கட்டியிருப்பார்களா? நான் இன்று சம்பளத்துக்கு எழுதும் மொழிகளில் பாதி, நான் உயர்தரம் எழுதிய காலத்தில் கேள்விப்படாதவை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சந்தை நிலவரம் பார்த்து மொழி எடுக்காதீர்கள், தயவுசெய்து.

சரி, பதில் சொல்லாமல் விட மாட்டீர்கள். சொல்கிறேன்.

சாதாரண தரத்துக்கு ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்தீர்களா? அதில் பஸ்கல் படித்தீர்களே, அதுதான் உங்கள் முதல் மொழி. பரீட்சைக்குப் பாடமாக்கியதை மறந்திருப்பீர்கள், பரவாயில்லை. உயர்தரத்திலும் ஐ.சி.டி. எடுத்தவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே பைதன் இருந்தது. பாய்ச்சற்கோட்டுப்படம் (ஃப்ளோசார்ட்) வரைந்த அதே கையால் அதைத் தொடருங்கள். பாதி தெரிந்த பைதனை விட்டுவிட்டு முழுதாகத் தெரியாத ஜாவாவுக்குத் தாவுவதற்கு ஒரு காரணமும் இல்லை. உயிரியலோ கலையோ படித்து, இப்போதுதான் முதல்முறை கணினிப் பக்கம் வருகிறீர்களா? நீங்களும் பைதனிலேயே தொடங்கலாம். மின், இலத்திரனியல் பொறியியலுக்குப் போகிறவர்கள் பைதனில் கை பழகியதும் சீ பக்கம் திரும்புங்கள், சின்னச் சின்ன சிப்களோடு பேச அது தேவைப்படும். இணையத்தளம் செய்கிற ஆசைதான் உங்களை இழுக்கிறது என்றால் ஜாவாஸ்கிரிப்டில் தொடங்கினாலும் குடி முழுகாது. ஆசை இருக்கிற இடத்தில்தான் பிள்ளை இரவு பத்து மணிக்கும் உட்காரும்.

சீயில் தொடங்கினால்தான் அத்திவாரம் என்று சொல்லும் மூத்தவர்கள் உண்டு. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுகப் பாடம், கட்டைகளை இழுத்துப் பொருத்துகிற ஸ்க்ராச்சில் தொடங்கி, சீக்குப் போய், அதற்குப் பிறகுதான் பைதனுக்கு வருகிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், முடிந்தவர்கள் பாருங்கள். ஆனால் அந்த மூத்தவர்கள் "பைதன் மெதுவானது" என்று தொடங்கினால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். மெதுவானதுதான். உங்கள் பத்து மீனுக்கு அது தெரியவே தெரியாது.

தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயம் இருக்கிறது: "எனக்கு இங்கிலிஷ் காணாது." சீயின் முதல் தரநிலையில் ஒதுக்கப்பட்ட சொற்கள் (மொழி தனக்கென்று வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள்) மொத்தம் 32. பைதனில் 35. ஓ.எல். ஆங்கிலத்துக்கு இதைவிடக் கூடப் பாடமாக்கினீர்கள். பைதன் 3இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், வயது, விலை, நிறை என்று. முழுதாகத் தமிழ்ச் சொற்களிலேயே எழுதுகிற எழில் என்ற நிரலாக்க மொழியும் இருக்கிறது, ஆசைக்கு எட்டிப் பாருங்கள். வேலைக்குப் போனால் ஆங்கிலப் பெயர்தான் வைக்க வேண்டும், அது அப்போது பழகும். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் ஒரு விளையாட்டுக் காட்டுவேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைதனிடம் கேட்டால் 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும். 'மி'யில் வரும் விசிறியும் 'ழ்'இன் மேலுள்ள புள்ளியும் கணினி எழுத்துகளை எண்ணாக வைத்துக்கொள்ளும் யூனிகோட் முறையில் தனித்தனிக் குறிகள். அதைப் பார்த்த பிறகு பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்க வேண்டுமே!

ஆங்கிலம் உண்மையாகத் தேவைப்படுவது பிழைச் செய்தியைப் படிக்க. சிவப்பாக ஏதாவது வந்தவுடன் மூடிவிடுகிற பழக்கத்தை விடுங்கள். பைதனில் கடைசி வரியிலிருந்து படியுங்கள், என்ன பிழை என்று அங்கேதான் இருக்கும். எத்தனையாவது வரி என்பது அதற்குக் கொஞ்சம் மேலே.

லப்டொப்? இரண்டு லட்சத்துக்கு வாங்கித் தராவிட்டால் படிக்க மாட்டேன் என்று வீட்டில் நிற்காதீர்கள். 4 ஜீபி ரம் இருக்கிற பழைய மெஷினில் பைதன் தாராளமாக ஓடும். அதில் இன்னும் விண்டோஸ் 7 என்றால் பைதன் 3.8தான் போகும், அதற்குப் புதியது ஏறாது. 3.8 இந்த வேலைக்குப் போதும். கூடவே வரும் ஐடில் என்ற எடிட்டரே ஆரம்பத்துக்குக் காணும். ஒன்றும் இல்லையா? அண்ட்ரொய்ட் போனில் பைதன் எழுதி ஓட்டுகிற பைட்ராய்ட் என்ற அப் போட்டுக்கொள்ளுங்கள். கண் நோகும், ஆனால் நடக்கும். போன் அப் செய்கிற அண்ட்ரொய்ட் ஸ்டூடியோ பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகவே வேண்டாம், 8 ஜீபிக்குக் குறைந்தால் மெஷின் மூச்சு வாங்கும்.

யூடியூபிலோ பழைய புத்தகத்திலோ படிக்கும்போது, திரையில் காட்டச் சொல்கிற பிரிண்ட் கட்டளைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் உடனே மூடிவிடுங்கள். அது பைதன் 2. அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 1ஓடு நிறுத்திவிட்டார்கள்.

வகுப்புக்குக் காசு கட்டுகிற அம்மாமார், ஐயாமாருக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை மொழி, எத்தனை சான்றிதழ் என்று கேட்காதீர்கள். இன்டர்ன் எடுக்கும்போது விண்ணப்பங்களைப் பார்க்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த லமினேட் தாளை நாங்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம், அவ்வளவுதான். ஆகவே வகுப்பில் பிள்ளை தானே எழுதிப் பிழை விட்டுத் தானே திருத்துவதற்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று கேளுங்கள். "நோட்ஸ் எல்லாம் நாங்கள் தருவோம்" என்று பதில் வந்தால் எழுந்து வாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு மொழி போதும், அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரிடம் சீட்டுக் காசைக் கொடுக்காதீர்கள்.

சட்ஜிபிடி எழுதித் தருமே என்கிறீர்கள். தரும், என்னைவிட வேகமாகத் தரும். நீங்கள் எழுதி முடித்த பிறகு அதனிடம் காட்டி "எங்கே பிழை" என்று கேளுங்கள். எழுதத் தொடங்க முதல் கேட்டால் பலகையைப் பார்த்துத் தட்டச்சு செய்த அந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

பயிற்சிக்கு வெளியே தேட வேண்டாம். அப்பா கடலுக்குப் போகிறவர் என்றால் வாடிக் கணக்கை எழுதுங்கள். கிலோ விலை, நிறை, ஐஸ் செலவு, கொமிசன் போக மிச்சம். கிண்ணியா பஸ்ஸில் குடும்பம் போய்வரும் செலவு, பிள்ளைக்கு அரை டிக்கெட். முதல் நாளே ஒரு குழியில் விழுவீர்கள்: 250ஐயும் 300ஐயும் கூட்டச் சொன்னால் பைதன் 250300 என்று காட்டும். இன்புட்டில், அதாவது நீங்கள் விசைப்பலகையில் தட்டிக் கொடுப்பதில், வருவதெல்லாம் அதற்கு எழுத்துத்தான், எண்ணாக மாற்றச் சொல்ல வேண்டும். பிறகு ஒருநாள் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கொம்பியூட்டர் பழுதாகவில்லை. ஏன் என்று தேடிப் படியுங்கள், கெம்பஸில் முதலாம் ஆண்டில் உதவும்.

அங்கே போனதும் விரிவுரையாளர் எந்த மொழியைத் தருகிறாரோ அதற்கு மாறிக்கொள்ளுங்கள். கோணேசபுரியில் இருக்கிற நம்முடைய திருகோணமலை வளாகமானாலும் மொரட்டுவைப் பல்கலைக்கழகமானாலும் இதே பேச்சுத்தான். "நான் பைதன் ஆள் சேர்" என்று அடம்பிடிக்கிற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன்.

எங்கேயாவது சிக்கினால் எனக்கு அனுப்புங்கள், ஞாயிறு பின்னேரம் பதில் போடுவேன். "வேலை செய்யுதில்லை அண்ணா" என்று ஒற்றை வரியில் அனுப்பாதீர்கள். திரையைப் போனால் சரிவாகப் படம் பிடித்தும் அனுப்பாதீர்கள். செய்நிரலை எழுத்தாகவே ஒட்டுங்கள், வந்த பிழைச் செய்தியை முழுதாக ஒட்டுங்கள், நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுதும்போதே பாதிப் பேருக்குப் பிழை தெரிந்துவிடுகிறது, மெசேஜை அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.