டாலர்: ஒரு பள்ளத்தாக்குக்காரன்

நகைக்கடையில் ‘முருகன் டாலர் காட்டுங்க’ என்றால், சங்கிலியில் கோக்கும் வட்ட வில்லையைத் தட்டில் எடுத்து வைப்பார்கள். அமெரிக்கப் பணத்துக்கும் அதே பெயர். இந்தச் சொல் பிறந்த ஊரில் இன்று மூவாயிரம் பேர்கூட இல்லை.

ஊர் யாக்கிமோவ். செக் நாட்டில், ஜெர்மன் எல்லையோரம், மலை இடுக்கில் இருக்கிறது. வெள்ளி கிடைத்ததால் 1516இல் உருவான சுரங்க ஊர். ஜெர்மன் மொழியில் சாங்க்ட் யோவாக்கிம்ஸ்தால். புனித யோவாக்கிம் என்பவர் இயேசுவின் தாய் மரியாளின் தந்தை. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் சுவக்கின் என்பார்கள். ‘தால்’ என்றால் பள்ளத்தாக்கு. நிலத்துக்குரிய ஷ்லிக் பிரபுக்கள் 1520 வாக்கில் அங்கேயே காசு அடித்தார்கள். ஒரு பக்கம் சுவக்கின், மறுபக்கம் அன்று அந்தப் பகுதியை ஆண்ட பொஹீமிய அரசின் சிங்கம். கனமான வெள்ளிக்காசு, கிட்டத்தட்ட 29 கிராம்.

காசுக்கு ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது: யோவாக்கிம்ஸ்தாலர். கடைசி ‘அர்’ நம் ‘காரன்’ மாதிரி. மதுரைக்காரன், சேலத்துக்காரன் என்கிறோமே, அது. நீளப்பெயர் யார் வாயில் நிற்கும்? புனிதர் உதிர்ந்துபோக, மிஞ்சியது வெறும் ‘தாலர்’, அதாவது பள்ளத்தாக்குக்காரன். டச்சுக்காரர்கள் ‘டால்டர்’ ஆக்க, ஆங்கிலத்தில் அது ‘டாலர்’ ஆனது. ஸ்பானிய வெள்ளிக்காசையும் ஆங்கிலேயர் அப்படியே அழைத்தார்கள். 1792 நாணயச் சட்டத்தில் அமெரிக்கா அதே பெயரைத் தன் பணத்துக்கு வைத்தது.

ஊரின் கதை வேறு திசையில் போனது. வெள்ளி குறைந்த பிறகு, சுரங்கத்தில் கிடந்த கறுப்புக் கல்லுக்கு மவுசு வந்தது. அது யுரேனியத் தாது. 1898இல் கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டறிந்தது இந்த ஊர்த் தாதுவில்தான். 1906இல் ரேடான் என்ற கதிரியக்க வாயு கலந்த சுரங்க நீரில் குளிக்க வைத்தியசாலை திறந்தார்கள். இன்றும் ஸ்வோர்னோஸ்த் என்ற சுரங்கத்துத் தண்ணீர்தான் அங்கே குழாயில் வருகிறது. இடையில், இரண்டாம் உலகப்போருக்குப் பின், அரசியல் கைதிகளை முகாம்களில் அடைத்து யுரேனியம் தோண்ட வைத்த காலமும் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? பணத்துக்குச் சிங்கப்பூர்த் தமிழர்கள் எப்போதோ வழி காட்டிவிட்டார்கள்: ‘பத்து வெள்ளி’. இதைவிடப் பொருத்தமாக யாரும் உட்கார்ந்து யோசித்துக்கூட ஆக்கியிருக்க முடியாது. யாக்கிமோவ் காசு வெள்ளிதானே! கழுத்தில் தொங்குவதற்குப் பதக்கம் என்ற பழைய சொல் இருக்கிறது. ஒலிம்பிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டதால் கடையில் கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கேட்டுப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள்.