மணமேடையில் மாப்பிள்ளை மாறினால்: சினிமா காட்டாத ஒரு வருஷக் கெடு

கல்யாண நாள் குளறுபடியை வைத்து எடுத்த காதல் காமெடிப் படம் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். சமையல் மாஸ்டர் கோபித்துக்கொண்டு கரண்டியைப் போட்டுவிட்டுக் கிளம்புவார். ஐயர் பக்கத்து மண்டபத்தில் போய் உட்கார்ந்திருப்பார். பெண்ணின் பழைய காதலன் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பான். இதெல்லாம் நடந்து முடிகிற நேரத்தில் முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம்தான் பாக்கி, மாப்பிள்ளையைக் காணோம் என்று சேதி வரும். உடனே கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "ஏன், நம்ம பையன் இல்லையா?" என்பார். கெட்டிமேளம், அட்சதை, தியேட்டரில் விசில்.

நானும் சிரிக்கிறவள்தான். ஆனால் கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகள் பார்க்கிற வக்கீல் என்பதால், "நம்ம பையன் இல்லையா?" என்ற வசனம் வந்ததும் கை தானாக நெற்றிக்குப் போய்விடுகிறது. படம் அங்கே முடிந்துவிடும். அதற்கு அப்புறம் நடப்பது எங்களைப் போன்றவர்களின் மேஜைக்கு வரும்.

ஒன்றைச் சொல்கிறேன். ஆள் தெரியக்கூடாது என்பதற்காக சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. முந்தின நாள் ராத்திரி பெண் அழைப்பெல்லாம் ஆகிவிட்டது. விடியற்காலை நாலரை – ஆறு முகூர்த்தம். மூன்று மணிக்குப் பையனின் போன் ஸ்விட்ச் ஆஃப். பெண்ணின் மாமன் மகன் மாங்காய் லோடு ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறவர். கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக வந்து, அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் படுத்திருந்தவரை எழுப்பி, வராத மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டு வேட்டியைக் கட்டிவிட்டு மணையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அந்தப் பெண் அம்மாவோடு என்னிடம் வந்தபோது கல்யாண வீடியோவையும் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தாள். போட்டுப் பார்த்தோம். வீடியோ எடுத்தவர் ரசனைக்காரர் போலிருக்கிறது. பெரியப்பாக்கள் மண்டபத்து வாசலுக்கும் மேடைக்குமாக ஓடுகிற இடத்தில் காமெடிப் பட இசையைச் சேர்த்திருந்தார். மாமன் மகன் வேட்டி நழுவாமல் பிடித்துக்கொண்டு மேடையேறும்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வேறு. அந்த இடத்தில் பெண்ணின் அம்மாவே பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார். பெண் சிரிக்கவில்லை. தாலி கட்டும் காட்சியில் அவள் தலை குனிந்திருந்தது. கொஞ்சம் நிறுத்திப் பார்த்தபோதுதான், பின்னால் நின்ற ஒரு அத்தையின் கை அவள் பிடரியை அழுத்திக் குனியவைத்திருந்தது தெரிந்தது.

"உன்கிட்ட யாராவது சம்மதம் கேட்டாங்களாம்மா?" என்றேன்.

"கேட்டாங்க மேடம். 'உங்கப்பா மானத்தைக் காப்பாத்துவியா, மாட்டியா'ன்னு கேட்டாங்க."

அந்தப் பையனும் பாவம்தான். அவரிடம் யாரும் எதையுமே கேட்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் தாலி கட்டியவர் அவர். ஆம்பளைப் பிள்ளையிடம் சம்மதம் கேட்கவேண்டும் என்ற எண்ணமே நம் ஊரில் இன்னும் சரியாக வேரூன்றவில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டத்தின் 12வது பிரிவு, கட்டாயத்தாலோ மோசடியாலோ பெற்ற சம்மதத்தின் பேரில் நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கோரும் உரிமையைத் தருகிறது. பெண்ணும் கேட்கலாம், ஆணும் கேட்கலாம். இது விவாகரத்து இல்லை. ரத்துத் தீர்ப்பு கிடைத்தால் அந்தத் திருமணமே செல்லாததாகிவிடும். இடையில் குழந்தை பிறந்திருந்தாலும் கவலை வேண்டாம், 16வது பிரிவின்படி அந்தக் குழந்தை சட்டப்படி முறையான குழந்தைதான். அதற்காக "எனக்கு மனசே இல்லை, அழுதுகொண்டேதான் உட்கார்ந்தேன்" என்று மட்டும் சொன்னால் நீதிமன்றத்தில் நிற்காது. என்ன மிரட்டல், யார் செய்தது, அப்போது கூட யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் காட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இனிமேல் சொல்லப்போவதுதான். அந்தக் கட்டாயம் விலகிய நாளிலிருந்தோ, மோசடி தெரியவந்த நாளிலிருந்தோ ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். கட்டாயம் விலகிய பிறகோ மோசடி தெரிந்த பிறகோ விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால், அந்த ஒரு வருஷத்துக்குள் வந்தாலும் உரிமை போய்விடும்.

இப்போது நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "ஒரு வருஷம் பொறுத்துப் பாரும்மா, எல்லாம் சரியாப் போயிடும்." ஆடிக்கு அழைத்துவந்து சொல்வார்கள், தலைதீபாவளிக்குச் சொல்வார்கள், மறுபடி பொங்கலுக்கும் சொல்வார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் பொறுக்கச் சொல்கிற அதே ஒரு வருஷம்தான் சட்டம் கொடுத்திருக்கும் கெடு. நான் சொன்ன பெண் என்னிடம் வந்தபோது அது தாண்டியிருந்தது. கடைசியில் அவளும் மாமன் மகனும் பேசி, பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போட்டார்கள். அதற்கு ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உரிய காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கெடுவுக்குள் வந்து, கட்டாயத்தையும் நிரூபிக்க முடிந்திருந்தால், கையில் கிடைக்கும் காகிதத்தில் 'விவாகரத்தானவர்' என்று இருந்திருக்காது. நம் ஊரில் மறுமணம் பேசுகிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு கனமானது என்று தெரியும்.

எழுந்து போய்ப் பொறுமை சொல்லும் பெரியவர்களோடு சண்டை போடுங்கள் என்று சொல்லவில்லை. பொறுக்கிறதென்றால் பொறுங்கள். அதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்து, என்னென்ன வழி திறந்திருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் வழக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

படங்களில் இன்னொரு வகை மாற்றம் உண்டு. பெண் ஓடிப்போவாள், தங்கையை உட்காரவைப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. இங்கே குழந்தைத் திருமணம் பழைய கதை ஆகிவிடவில்லை. தங்கை பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவளாக இருந்தால், பந்தலில் இருக்கிற பாதிப் பேருக்கு வழக்கு. 2006ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பெண்ணைக் கட்டும் வயதுவந்த ஆணுக்கு இரண்டு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நடத்திவைத்தவருக்கும் அதே தண்டனை. பெற்றோர், ஊக்குவித்தவர்கள், தெரிந்தே கலந்துகொண்டவர்கள் யாரும் தப்ப முடியாது. "மாமன் முறைதானே, ஊர் வழக்கம்தானே" என்ற சமாதானம் இதில் எடுபடாது. முறை என்பது யாரைக் கட்டலாம் என்பதற்கு மட்டும்தான், வயதுக்கு இல்லை. அப்படித் திருமணமான பெண் 20 வயது முடிவதற்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். தகவல் சொல்ல 1098. மாவட்ட சமூகநல அலுவலர்தான் இங்கே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். பந்தக்கால் நடும்போதே சொன்னால் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கவும் நேரம் இருக்கும். தடையை மீறித் தாலி கட்டினால் அந்தத் திருமணம் செல்லவே செல்லாது.

அப்புறம் அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் காட்சி. காதலனும் காதலியும் மண்டபத்திலிருந்து ஆட்டோவில் தப்பி, சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் ஓடி, மூச்சிரைக்கக் கையெழுத்துப் போடுவார்கள். வில்லன் மாமா வாசலில் நிற்பார். நிஜத்தில் அப்படி நடக்காது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். தமிழ்நாட்டின் 2009ஆம் வருடத் திருமணப் பதிவுச் சட்டமோ ஏற்கெனவே நடந்த திருமணத்தைப் பதிவதற்கானது. 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். சடங்கு எதுவும் நடக்காமல் வெறும் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்துத் திருமணமே ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புரோக்கர் ஒருவர் "ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்" என்றால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

ஓடிவந்தவர்களுக்கு நம் மாநிலத்தில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்காகச் சேர்த்த 7ஏ பிரிவு. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை, ஊரைக் கூட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் காதலித்து ஓடுவதைச் சினிமா மாதிரி லேசாக எடுத்துக்கொள்ள தருமபுரிக்காரர்களால் முடியாது. 2012இல் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து இங்கே தலித் மக்களின் குடியிருப்புகளை எரித்தார்கள். சாதி மாறிக் கட்டுகிறவர்கள் முதலில் எஸ்.பி. அலுவலகத்தில் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக மாவட்டம்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

கடைசி நிமிஷத்தில் கல்யாணத்தை நிறுத்தினால் போலீஸ் பிடிக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வது மட்டுமே குற்றம் ஆகாது. நிச்சயம் ஆகிவிட்டது என்பதற்காக எந்த நீதிமன்றமும் யாரையும் மணையில் உட்காரவைக்காது. எதிர்த்தரப்பு செலவுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம், வாங்கிய நகையையும் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். மண்டப வாடகையும் நாலு பந்திச் சாப்பாடும் பெரிய தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அடைத்து முடிக்கக்கூடிய கடன். அறைக்குள் பூட்டிவைத்திருக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் 181க்கோ 112க்கோ கூப்பிடுங்கள். மணப்பெண் அலங்காரம் செய்ய வந்த அக்காவின் போனிலிருந்து கூப்பிட்ட பெண்களும் உண்டு.

சரி, கட்டாயத் தாலி கட்டி முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களுக்கு: வக்கீலிடம் வரும்போது கல்யாணப் பத்திரிகையை மறக்காமல் கொண்டுவாருங்கள். அதில் அச்சாகியிருக்கும் மாப்பிள்ளை பெயர் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் வேறு என்றால் வழக்கில் அதைவிடப் பேசுகிற காகிதம் கிடைக்காது. மண்டப வாசலில் வைத்த பேனரின் போட்டோவும் அப்படித்தான். அன்று ராத்திரி வந்த வாட்ஸ்அப் குரல் செய்திகளை அழித்துவிடாதீர்கள். வீடியோக்காரரிடம் பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய பிரதி மட்டும் போதாது, வெட்டாத முழுப்பதிவு வேண்டும் என்று சீக்கிரம் கேளுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு மெமரி கார்டு வேண்டும் என்று அவர்கள் அழித்துவிடுவார்கள். வக்கீல் பீஸுக்கு வழியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது, சட்ட உதவி இலவசம். நேரில் வர முடியாதவர்கள் 15100க்குப் பேசலாம்.